இன்னும் பத்து

மாஸ்டர் தன் அக்கா புருஷனுக்குக் கொடுக்கவேண்டியிருந்த தொகை முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அதில் இருபத்தையாயிரம், டயர் கடைக்கு மேலே இருந்த கராத்தே கூடத்துக்குக் கட்டிய முன்பணம். மீதி பதின்மூவாயிரத்து நானூறு, தரையில் போட வாங்கிய ரப்பர் விரிப்புகளுக்குப் போனது. மாவுக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கியவரின் சேமிப்பு அது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து அக்காவுக்குத் தெரிந்தபோது, அந்த வீட்டில் மூன்று நாள் பாத்திரங்கள்தான் பேசின.

மாஸ்டர் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒரு வருஷத்தில் திருப்பிவிடுகிறேன் என்று சொன்ன பணம். நான்கு வருஷம் ஓடிவிட்டது. மாஸ்டர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. கூடத்துக்கு வருகிறவர்களின் பை அப்படி. தையல் ஆலைப் பெண்கள் இரண்டு பேர், ஒரு பஸ் டிரைவர், இறைச்சிக் கடைக்காரர், கிடங்கிலிருந்து நாலைந்து சுமைதூக்கிகள். விடிகிற நேரத்துக்கு வந்து ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். மாதக் கடைசியில் தலையைச் சொறிவார்கள். மாஸ்டரும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். மச்சானும் கேட்டதில்லை. வழியில் பார்த்தால், "என்ன மாப்ளே, என் பணம் சௌக்கியமா? மேல ஏறி ரொம்ப மிதிக்காதீங்க" என்று விசாரிப்பதோடு சரி.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வலிக்கிறது என்று சொல்லிவிட்டால், செய்துகொண்டிருந்த வேலையை எல்லோரும் நிறுத்துவார்கள். பிறகு அந்த ஆளைச் சுற்றி நின்று, ஒன்று, இரண்டு என்று பத்துவரை உரக்க எண்ணுவார்கள். எண்ணி முடிகிறவரை அந்த ஆள் உதையோ, குத்தோ, எதில் வலி வந்ததோ அதையே செய்யவேண்டும். பத்து முடிந்ததும் கைதட்டல். பெரிய காரியம் செய்துவிட்டதுபோல முகம் மலர்ந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் யாரும் இந்த ஜனங்களுக்குக் கை தட்டியதில்லை. அதனால் வலி இல்லாதவர்கள்கூட வலிக்கிறது என்று சொன்ன நாள் உண்டு. ஊருக்குள் அவர் பெயரே பத்து மாஸ்டர் என்றாகிவிட்டது.

இந்தப் பத்து புத்தகத்தில் படித்து வந்தது இல்லை. மாஸ்டருக்கு ஒன்பது வயதில், அவர் அப்பா காவல் காத்த மரக்கடையில், அடுக்கி வைத்திருந்த கட்டை ஒன்று உருண்டு இடது முழங்காலின் மேல் ஏறியது. ஆறு மாதம் படுக்கை. மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. கிடந்த கிடையில் பாதமும் முன்னால் சாய்ந்து தொங்கியது. இந்தக் கால் இவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் கைகழுவிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி நடையில் சதுரம் சதுரமாகக் கல் பதித்திருந்தார்கள். பையன் அம்மாவின் பழைய துணியைக் கிழித்து, பாதம் தொங்காதபடி காலோடு இழுத்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கல்லை எண்ணி நடந்தான். எந்தக் கல்லில் வலி உயிரை எடுத்ததோ, அங்கே நிற்காமல் இன்னும் பத்துக் கல். மறுநாள் அதற்கு மேல் பத்து. அப்படி எண்ணியே நடையை முடித்து, தெருவை முடித்து, பள்ளிக்கூடம்வரை போய்விட்டான். இருபது வயதில் ஒரு கராத்தே கூடத்தில் சேர்ந்து, மடங்காத கால் மேல் நின்று மடங்குகிற காலால் உதைக்கக் கற்றுக்கொண்டார். இருபத்தொன்பதில் கறுப்புப் பட்டை கட்டினார்.

அதனால் அவர் பேசினால் எடுபட்டது. "வலிங்கறது வாசல்ல நிக்கற காவல்காரன்," என்பார். "எங்கப்பாவே காவல்காரர்தான், எனக்குத் தெரியும். உள்ள போகலாமான்னு கேட்டா, போகாதேன்னுதான் சொல்வான். அவனுக்குச் சம்பளமே அதுக்குத்தான். கேக்காம உள்ள போயிடணும்." சொல்லிவிட்டுத் தன் கால்சட்டையைச் சுருட்டி அந்த முழங்காலைக் காட்டுவார். நசுங்கின பித்தளைச் சொம்புபோல இருக்கும். அதைப் பார்த்தபிறகு யாருக்கு எதிர்த்துப் பேச வாய் வரும்?

நான்காவது வருஷம் கிடங்கில் புது ஒப்பந்தக்காரர் வந்தார். வந்ததும் ஒரு உத்தரவு போட்டார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஒரு மணி நேரத்தில் இருபது மூட்டை, பலகைச் சரிவில் ஏறி ஒன்பதாவது அடுக்கில் சேர்க்கவேண்டும். இடையில் இறக்கி வைக்கக்கூடாது. சேர்த்தால் பெயர் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் வீட்டுக்கு நடை. இரண்டு மாதம் அவகாசம். மூட்டை ஐம்பது கிலோ. மச்சானுக்கு வயது நாற்பத்தேழு. வேறு தொழில் தெரியாது. மகளுக்கு நர்ஸ் படிப்பு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி.

மறுநாள் விடிய, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துப் படியேறி வந்து நின்றார்.

"பணம் வராது போல. அதும் மேலயாவது புரண்டுட்டுப் போறேன் மாப்ளே."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தரமுடியாமல் நிற்கிற பணத்துக்குப் பதிலாக இந்த வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் அக்கா முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்று நினைத்தார். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் மச்சானுக்கு ஒன்றரை. உட்கார்ந்து எழுவது, குதிரை ஏறியதுபோல் முழங்காலை மடக்கி நிற்பது, மணல் மூட்டையைத் தோளில் வைத்துப் படி ஏறுவது. முதல் மூன்று வாரம் பார்க்கவேண்டுமே. மச்சான் வயிறு உள்ளே போய்விட்டது. அக்கா வாசலில் நின்று, கிழவனுக்கு மறுபடி கல்யாண ஆசை வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கும்படியாகச் சொன்னாள்.

நான்காவது வாரம், மணல் மூட்டையோடு ஏறும்போது, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரு கம்பி இழுத்ததுபோல இருக்கிறது என்றார் மச்சான். கூடம் சும்மா இருக்குமா? சுற்றி நின்று எண்ணினார்கள். பத்து தடவை ஏறி இறங்கினார். கைதட்டல் வாங்கினார். அடுத்த நாளும் கம்பி இழுத்தது. மறுபடி பத்து. மூன்றாம் நாளிலிருந்து மச்சான் அதைப்பற்றிப் பேசவில்லை. நின்றுவிட்டது போலிருக்கிறது என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். மூத்தவர், மாஸ்டர் வீட்டு மாப்பிள்ளை, தையல் ஆலைப் பெண்கள் முன்னால் தினம் தினம் வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் வாயை மூடிக்கொண்டார் என்பது பின்னால் தெரிந்த விஷயம்.

ஒரு காலை, பயிற்சி முடிந்து இருவரும் படி இறங்கினார்கள். மச்சான் முன்னால் போனார். வலது கால் செருப்பு ஏழாவது படியிலேயே கிடந்தது, அவர் இறங்கிக்கொண்டே இருந்தார்.

"மச்சான், செருப்பு."

மச்சான் குனிந்து தன் காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கழண்டதே தெரியல, பாரேன்." அவர் நடந்தபோது அந்தப் பாதம் தரையில் பட்டென்று அறைந்தது. நுனி தூக்கவில்லை.

மாஸ்டருக்கு அந்தப் பாதத்தை நன்றாகத் தெரியும். ஒன்பது வயதில் தனக்கு இருந்த பாதம் அது. பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு நம்பிக்கை வந்தது. இது நமக்குத் தெரிந்த வியாதி, நாம் ஜெயித்த வியாதி என்று நினைத்துவிட்டார். அன்றைக்கே ஒரு துணிப்பட்டையைக் கிழித்து, மச்சானின் பாதத்தைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே இழுத்துக் கட்டினார். டாக்டரைப் பார்க்கலாமா என்று மச்சான் ஒரு தடவை கேட்டார். டாக்டர் ஓய்வெடு என்பான், பரீட்சைக்கு இன்னும் முப்பத்தைந்து நாள்தான் இருக்கிறது என்றார் மாஸ்டர். அது பொய்யும் இல்லை. மச்சானும் சரி என்றார். அந்தக் கட்டோடு தினம் நடந்தார், ஏறினார், இறங்கினார். பஸ் டிரைவர் மட்டும், ஒருவாட்டி காட்டிட்டு வந்தா என்ன மாஸ்டர் என்று இழுத்தார். மாஸ்டர் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார்.

பரீட்சை நாளில் மாஸ்டரும் கிடங்குக்குப் போனார். மேஸ்திரி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் தலையில் சும்மாடு வைத்து, கால்சட்டைக்குள் துணிக்கட்டை மறைத்துக்கொண்டு, பலகையில் ஏறினார். மாவு பறந்து எல்லோர் புருவமும் நரைத்திருந்தது. பன்னிரண்டாவது மூட்டையில் அவர் முகம் கோணியது. பதினைந்தில் கண்ணை மூடிக்கொண்டே ஏறினார். இருபதாவதை அடுக்கில் சாய்த்தபோது ஐம்பத்தாறு நிமிஷம். மேஸ்திரி எழுந்து நின்று, பெயரைப் பட்டியலில் எழுதினார். முப்பது வயதுக்காரன்கூட இப்படி ஏறவில்லை என்றார். சுமைதூக்கிகள் கை தட்டினார்கள். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அவருக்கு நல்ல நாள் என்று சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால் அதுதான்.

மறுநாள் காலை மச்சானால் பாயிலிருந்து எழமுடியவில்லை. அக்கா ஆள் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளம்பெண். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதுகெலும்புகளுக்கு இடையிலிருக்கிற வட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நசுக்கியிருக்கிறது என்றாள். பிறகு போர்வையை விலக்கி, அந்தத் துணிக்கட்டைப் பார்த்தாள்.

"இதைக் கட்டினது யாரு?"

"நான்தான்."

"நீங்க யாரு?"

எங்கே போனாலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அன்று அது வாயில் வரவில்லை. "அவரு மச்சினன்," என்றார்.

பாதம் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். ஐந்து வாரம் என்று மச்சானே சொன்னார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டரின் முழங்கால் கதையை அக்கா சொல்ல, அவள் முழுவதும் கேட்டாள். அது எலும்பு ஒட்டிய பிறகு இறுகிப்போன கால், அதை அசைத்ததால், மடங்காவிட்டாலும், நடக்கிற அளவுக்கு இளகியது என்றாள். இது நசுங்கிக்கொண்டிருந்த நரம்பு, அசைக்க அசைக்க மேலும் நசுங்கியது. முதல் வாரமே வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். இப்போது அறுவை செய்தால் வலி குறையும். பாதத்துக்கு அவளால் உறுதி சொல்ல முடியாது.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான்தான் படுத்தபடியே பேசினார்.

"காவல்காரன் சும்மா கத்தல போல, மாப்ளே."

கிண்டலாகத்தான் சொன்னார். எப்போதும் பேசுகிற அதே குரல். மாஸ்டர் வெளியே வந்து, ஆஸ்பத்திரி நடையில் உட்கார இடம் இருந்தும் உட்காராமல் நின்றார்.

அறுவை நடந்தது. வலி குறைந்தது. பாதம் வரவில்லை. கிடங்குப் பட்டியலில் மச்சான் பெயர் ஒரு மாதம் இருந்தது, பிறகு மேஸ்திரி வந்து வருத்தமாகச் சொல்லிவிட்டு, அடித்துவிட்டுப் போனார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக்கடையில் நின்றாள். அந்த வாரம்தான் அக்கா முதல்முறையாக வாய்திறந்து கேட்டாள். "எங்க பணத்தைக் குடுத்துடு." தம்பி என்று சேர்த்துக் கூப்பிடுகிறவள், அன்று அதைச் சேர்க்கவில்லை.

கூடத்தை உடனே மூடவில்லை. மூடியிருந்தால் மானமாகப் போயிருக்கும். நடத்தினார். ஒரு நாள் குத்து விட்டுக்கொண்டிருந்த இறைச்சிக் கடைக்காரர் தன் தோளைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றார். எல்லோரும் நிறுத்தி, சுற்றி நின்று, எண்ணச் சொல்வதற்காக மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"போய் டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றார் மாஸ்டர்.

யாரும் நகரவில்லை. "லேசாத்தான் மாஸ்டர்," என்றார் கடைக்காரர், தப்புச் செய்த பிள்ளைபோல. "எண்ணுங்க, சரியாயிடும்."

"எனக்குத் தெரியாதுங்க," என்றார். "எது சரியாகும், எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாது."

அதோடு முடிந்தது. சண்டை போட்டு யாரும் போகவில்லை. வேலை அதிகம், வீட்டில் உடம்பு சரியில்லை, பஸ் நேரம் மாறிவிட்டது என்று ஒவ்வொருவராக நின்றார்கள். தையல் ஆலைப் பெண்களில் ஒருத்தி கடைசிவரை வந்தாள். அவளும் ஒருநாள், வெறுமனே கை காலை ஆட்டுவதற்கு வீட்டிலேயே ஆட்டிக்கொள்ளலாமே மாஸ்டர் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

முன்பணத்தைக் கட்டடக்காரர் வாடகைப் பாக்கிக்குக் கழித்துக்கொண்டார். விரிப்புகளை மாஸ்டர் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு விற்றார். கண்ணாடியும் மணல் பையும் இரண்டாயிரத்து நானூறுக்குப் போயின. அதை அப்படியே அக்கா கையில் கொடுத்தார். பாக்கி இருபத்தேழாயிரம்.

ஒரு மேசை நாற்காலிக் கடையில் வாசல் காவலுக்கு ஆள் கேட்டார்கள். பத்து மணி நேரம் நிற்கவேண்டும். சேர்ந்தார். அங்கேதான் முழங்கால் திரும்பி வந்தது. முப்பது வருஷமாக அது வலிக்காமல் இருந்ததா, வலித்து அவர் காதில் விழாமல் இருந்ததா, அவருக்கே தெரியவில்லை. இப்போது பத்து மணிக்கு ஆரம்பித்து, கடை மூடும்வரை பற்களால் கடிப்பதுபோல இருந்தது. முன்பானால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். இப்போது வலி வந்தால் வலித்தது, அவ்வளவுதான். அதைத் தாங்குவதற்கு அவரிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. வாங்குகிறவர்கள் வந்தால் கதவைத் திறந்தார், போனால் மூடினார்.

வாரம் அறுநூறு. ஞாயிறு காலை கொண்டுபோய்க் கொடுப்பார். அக்கா வாங்கி, ஒரு காகிதத்தில் கழித்து எழுதுவாள். பிறகு மாஸ்டர் மச்சானின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தடவி நீவிவிடுவார். கட்டை விரலைக் காட்டி, கொஞ்சம் தூக்குங்க மச்சான் என்பார். மச்சான் முயற்சி செய்வார். நெற்றியில் நரம்பு புடைக்கும். விரல் மட்டும் கிடந்தபடி கிடக்கும். போன வாரத்துக்கு இந்த வாரம் லேசாக அசைந்ததுபோல இருக்கிறது என்று மாஸ்டர் சொல்வார். மச்சானும், இருக்கும் இருக்கும் என்பார். நாற்பத்தைந்து ஞாயிறு இப்படி.

நாற்பத்தைந்தாவது ஞாயிறு கடைசி அறுநூறு. அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, காகிதத்தின் குறுக்கே கோடு போட்டாள். "முடிஞ்சுது," என்றாள். மச்சானிடம் காட்டினாள். அவரும் பார்த்துத் தலையசைத்தார்.

மாஸ்டர் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். மச்சான் பாதத்தைக் கொடுக்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி, காலுறையை மாட்டினார். அதற்கு நேரம் பிடித்தது.

"வேணாம் மாப்ளே. விரல் வராது. எனக்கு எப்பவோ தெரியும்."

மாஸ்டர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ வாரா வாரம் அதையே பார்த்துட்டு உக்கார்ந்திருக்கே. உனக்காக நான் முக்கிப் பார்க்கவேண்டியிருக்கு. இருபது மூட்டை தூக்கறது மேல். அதை எங்கயாவது இறக்கி வைக்கலாம்."

"என்னாலதான் மச்சான்."

"ஆமா, உன்னாலதான்," என்றார் மச்சான். "நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது கடன் இல்ல, வாரம் இவ்வளவுன்னு கழிச்சு முடிக்கறதுக்கு. அதை விடு. காலைப் பார்க்க வராதே. வரணும்னு தோணினா சும்மா வா."

அக்கா உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். இத்தனை ஞாயிறில் அவள் கொடுத்த முதல் தேநீர். மாஸ்டர் குடித்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். வா, என்றார் மச்சான். அவர் வரமாட்டார் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை அக்கா எடுத்துக்கொண்டுபோய், அதிலிருந்ததைத் திரும்பக் குப்பிக்குள் ஊற்றினாள்.